புது .22 ரைஃபிள் பேரலை ‘பழக்கித் தருகிறோம்’ என்பவர்களிடம் கொடுக்காதீர்கள்: எனக்கு 68,500 ரூபாய் போச்சு

68,500 ரூபாய் கொடுத்து, நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த ரைஃபிளைக் கெடுத்து வாங்கி வந்திருக்கிறேன். நேற்று சாயங்காலம்தான் முழுசாக உறுதியானது. ராத்திரி தூக்கமே இல்லை. இன்னொருவர் இதே கடைக்குப் போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் அவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு என் மேல் பாய வேண்டாம். துப்பாக்கி விற்கும், பழுதும் பார்ப்பதாகச் சொல்லும் ஒரு கடை. எங்கள் ஊரிலிருந்து காரில் ஏழு மணி நேரம்.

பத்து வருஷமாக கிளப் ரைஃபிளை வைத்தே 50 மீட்டர் பிரோன், அதாவது படுத்துக்கொண்டு சுடும் பிரிவில், சுட்டுவந்தவன் நான். சொந்தமாக ஒன்று வாங்க லைசென்ஸ், இறக்குமதி அனுமதி, சுங்கம் என்று எத்தனை அலைச்சல் என்பது இந்த விளையாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். சீட்டு எடுத்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஜெர்மனியில் உல்ம் நகரத்து அன்ஷுட்ஸ் கம்பெனி ரைஃபிள் ஒன்று வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த டார்கெட் அட்டை உள்ளே இருந்தது. அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். இப்போது அதைப் பார்க்கவே வயிறு எரிகிறது.

ரைஃபிளில் ஒரு குறையும் இல்லை. ரெஸ்ட்டில், அதாவது அசையாத தாங்கியில் வைத்துப் பத்துப் பத்துத் தோட்டாவாகச் சுட்டேன். குரூப், அதாவது ஓட்டைகள் பரவியிருந்த அகலம், 15, 16 மில்லிமீட்டர் வந்தது, மையத்திலிருந்து மையத்துக்கு. 50 மீட்டர் டார்கெட்டில் பத்து வட்டத்தின் குறுக்களவு 10.4 மி.மீ. தோட்டாவின் குறுக்களவு 5.6 மி.மீ. ஓட்டையின் விளிம்பு வட்டக்கோட்டைத் தொட்டாலே பத்து. ஆக, தோட்டாக்களின் மையம் 16 மி.மீ வட்டத்துக்குள் விழுந்தால் எல்லாமே பத்துதான். அந்த அளவில்தான் என் ரைஃபிள் இருந்தது. ஆனால் இப்போது தசமப் புள்ளி முறையில், பத்துக்குள்ளேயே மையத்தை நெருங்க நெருங்கப் புள்ளி கூடும், 10.1க்கும் 10.7க்கும் வித்தியாசம் உண்டே. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில் வெண்கலம் வாங்கியதிலிருந்து எங்கள் கிளப்பில் எல்லோருக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது, எனக்கும்தான். இன்னும் கொஞ்சம் இறுக்கமாக விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த நேரத்தில்தான் ஷூட்டிங் சாமான்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் இந்த விளம்பரம் வந்தது. பேரல் பிரேக்-இன் (புதுக் குழலைச் சுட்டுத் துடைத்துப் பழக்குவது), லேப்பிங் (உரசும் பேஸ்ட்டால் குழலின் உட்புறத்தைத் தேய்ப்பது), டிரிகர் ட்யூனிங் (டிரிகரைச் சீராக்குவது), பெட்டிங் (ரைஃபிளின் உலோகப் பகுதி தாங்கும் சட்டத்தில் அசையாமல் உட்காரப் பிசின் போடுவது), 200 ரவுண்டு சுட்டு டெஸ்ட் டார்கெட்டோடு டெலிவரி. எல்லாம் சேர்த்து 68,500. போனில் பேசினேன். “நேர்ல கொண்டாங்க சார், பார்த்துட்டுச் சொல்றேன், பார்க்காம ஒரு ரூபாய் வாங்க மாட்டேன்” என்றார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தையில் பாதி விழுந்துவிட்டேன்.

மீதி பாதி, கடையில் அவர் நடந்துகொண்ட விதம். மேஜை மேல் பச்சைத் துணி விரித்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ரைஃபிளைத் தொட்டார். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பர் காலியா என்று விரலை விட்டுப் பார்த்தார். ஒழுங்கானவன் செய்கிற காரியம் இது. அப்புறம் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு நிமிஷம் பேசாமல் பார்த்தார். “ரொம்ப நல்ல பேரல் சார். ஆனா இன்னும் பச்சையா இருக்கு. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி, இது ஒவ்வொரு தோட்டாவையும் கடிக்குது. பழக்கணும். பழக்கிட்டா பத்துத் தோட்டாவும் ஒரே ஓட்டைதான்.”

எனக்கு அப்படியே மனசு இளகிவிட்டது. என்னைவிடப் பத்து வயது பெரியவர் மாதிரி இருந்தார். “அண்ணே, உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன், குழந்தை மாதிரி பார்த்துக்கங்க” என்று சொன்னேன். சொன்னது நான்தான். 40,000 ரூபாயை அங்கேயே போனில் அனுப்பினேன். சுவரில் ஒரு லைசென்ஸ் மாட்டியிருந்தது. அது விற்பனைக்கானது. பழுதுபார்க்க அனுமதி இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவில் விற்பது மட்டுமில்லை, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று இருக்கிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

ஐந்து வாரம் என்றார், ஒன்பது வாரம் ஆனது. நடுவில் ஒரு டார்கெட் படம் அனுப்பினார். பத்துத் தோட்டா, ஒரே கிழிசலாக ஓட்டை, ஓரத்தில் நீல மையில் 7 என்று எழுதியிருந்தது, அட்டையின் இடது மூலை கிழிந்திருந்தது. அதை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். போய் மீதி 28,500 கொடுத்து எடுத்து வந்தேன். மொத்தம் 68,500. பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரே வரி. சுட்ட டார்கெட் அட்டைகளைக் கேட்டேன், “ரேஞ்ச்ல இருக்கு சார், கூரியர்ல அனுப்பறேன்” என்றார். இன்று வரை வரவில்லை. 200 காலித் தோட்டாக்கூடுகளில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

எங்கள் ரேஞ்சில் ஒரு பெரியவர் இருக்கிறார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எந்த ரைஃபிள் பழுதுக்குப் போய் வந்தாலும், தோட்டா போடும் முன் அவர் ஒரு தடவை பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் டம்மித் தோட்டா போட்டு, போல்ட்டைக் கொஞ்சம் வேகமாக மூடச் சொன்னார். டிரிகரை யாரும் தொடவில்லை, ‘டக்’ என்று, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஸ்ட்ரைக்கர் விழுந்தது. பத்துத் தடவையில் மூன்று தடவை விழுந்தது. புதிதாக வந்தபோது இரண்டு கட்டமாகத் தெளிவாக இருந்த டிரிகரை, இரண்டாவது கட்டமே இல்லாமல் தளர்த்திவிட்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் ட்யூனிங்காம். உள்ளே உண்மையான தோட்டா இருந்திருந்தால்? பக்கத்து லேனில் பதினான்கு வயதுப் பெண் பிள்ளை படுத்திருந்தாள். பணம் போனதை ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

கையேட்டை வைத்து டிரிகரைப் பழையபடி அமைத்தோம், டம்மியில் ஐம்பது தடவை சோதித்தோம், அதற்குப் பிறகுதான் சுட்டேன். குரூப் 28. அடுத்தது 31. அதே தோட்டா, அதே லாட் எண் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்), அதே ரெஸ்ட். முன்பு 16.

அன்றே போன் செய்தேன். “பழக்கின பேரல் சார், செட் ஆக இன்னும் 500 ரவுண்டு போகணும்.” 500 ரவுண்டுக்கு நான் எங்கே போவேன்? எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதே லைசென்ஸில் எழுதியிருக்கிறது. ஒரு வாரம் கழித்து, “உங்க லாட் சரியில்ல சார்” என்றார். அதே லாட்டில்தான் முன்பு 16 வந்தது என்றேன். “அப்ப ரெஸ்ட்ல வைக்கறது சரியில்ல.” அடுத்த தடவை போனை எடுத்தது ஒரு பையன், “மாஸ்டர் ஊர்ல இல்ல சார்.” இரண்டு வாரம் மாஸ்டர் ஊரில் இல்லை. அப்புறம் அவரே கூப்பிட்டு, திரும்பக் கொண்டுவந்தால் பார்த்துத் தருகிறேன், கூலி 12,000 ஆகும் என்றார். 68,500 வாங்கிக்கொண்டு, அதன் மேல் 12,000! குரல் உயர்த்திவிட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்: “வயசாகுதுல்ல சார், முதல்ல கண்ணைக் காட்டுங்க.” அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

நேற்று அந்தப் பெரியவர், தெரிந்தவரிடமிருந்து போர்ஸ்கோப் வாங்கி வந்தார். குழலுக்குள் விட்டுப் பார்க்கும் சின்ன கேமரா அது. மசில் பக்கம், அதாவது தோட்டா வெளியேறும் முனையில், கடைசி நாலு விரல்கடை நீளத்துக்கு, தோட்டாவைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களுக்குக் குறுக்கே கீறல். டிரில்லில் பிரஷ்ஷை மாட்டி, உரசும் பேஸ்ட்டைத் தடவிச் சுற்றவிட்டால்தான் இப்படிக் குறுக்கே விழும் என்றார். பேரலின் வாய் விளிம்பில், அதாவது கிரவுனில், ஒரு இடத்தில் தட்டு. தோட்டா குழலை விட்டு வெளியேறுகிற கடைசி இடம் அது. அங்கே விளிம்பு ஒரு பக்கம் சிதைந்தால், பின்னாலிருக்கும் வாயு ஒரு பக்கமாக முந்தி வெளியேறித் தோட்டாவைச் சாய்த்துவிடும். பெட்டிங் செய்ததாகச் சொன்னார்களே, அலுமினிய ஸ்டாக்கில், அதாவது தாங்கும் சட்டத்தில், போல்ட் இருக்கும் ரிசீவர் உட்காரும் இடத்தில் பிசின் தடவிய தடமே இல்லை. முன் திருகு முரட்டு இறுக்கம், பின் திருகு விரலிலேயே சுழன்றது.

பெரியவர் திட்டவில்லை. சொல்லிக் கொடுத்தார், அதுதான் இன்னும் வலித்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு தடவை துடைத்துப் பேரலைப் பழக்கும் வழக்கம், செம்பு உறை போட்ட தோட்டா சுடும் பெரிய ரைஃபிள்களிலிருந்து வந்தது. சொரசொரப்பான குழலில் செம்பு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே அப்படிச் செய்கிறார்கள். .22 மேட்ச் தோட்டா வெறும் ஈயம், மேலே மெழுகோ கிரீஸோ பூசியது, ஒலியின் வேகத்துக்குக் கீழே போவது. ஒட்டுவதற்குச் செம்பே இல்லை. மேட்ச் பேரலைத் தொழிற்சாலையிலேயே மெருகேற்றித்தான் அனுப்புகிறார்கள். பல பேரல்களில் மசில் பக்கம் ஒரு மயிரிழை இறுக்கமாக வேறு வைத்திருப்பார்கள். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அந்த இறுக்கம்தான். புது ரைஃபிளுக்கு வேண்டியது, சுத்தம் செய்த பிறகு பத்து இருபது ரவுண்டு. அதற்குள் மெழுகு குழல் முழுக்கச் சீராகப் படிந்துவிடும், குரூப்பும் நிலைக்கு வந்துவிடும். இதற்கு 68,500 எதற்கு?

குரூப்பை உண்மையில் மாற்றுவது தோட்டாவின் லாட்தான். ஒரே பிராண்ட், ஒரே விலை, பெட்டியில் அச்சிட்ட லாட் எண் மட்டும் வேறு, குரூப் பாதியாகவும் ஆகலாம் இரட்டிப்பாகவும் ஆகலாம். இதற்காகவே பெரிய வீரர்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு தோட்டா தயாரிக்கும் லாபுவா கம்பெனியின் சோதனைக் கூடம் இருக்கும் ஜெர்மனியின் ஷோனெபெக் வரைக்கும் போகிறார்கள். நமக்கு அதெல்லாம் முடியாது. கிளப்புக்கு வருவதே ஒன்றிரண்டு லாட்தான். ஆனால் நாலு பேர் சேர்ந்து வெவ்வேறு லாட்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி மாற்றிச் சுட்டுப் பார்க்கலாமே. நான் செய்திருக்க வேண்டியது அதுதான், செலவும் சில பெட்டித் தோட்டாவோடு முடிந்திருக்கும்.

இன்னொன்று. அந்த நீல மை 7 படத்தை நேற்று ராத்திரி கிளப் நண்பர்களுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் வேறு ஊர்க்காரர் ஒருவர் தன் போனிலிருந்து அதே படத்தை எனக்கு அனுப்பினார். அதே கிழிந்த மூலை, அதே 7. அவருக்கு அதை அனுப்பியது இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவருடைய ரைஃபிளின் டார்கெட் என்று சொல்லி. அவரும் குழல் சரியில்லை என்று தெரிந்தும் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பழுதுபார்க்கும் லைசென்ஸைக் கண்ணால் பார்க்காமல் ரைஃபிளைக் கொடுக்காதீர்கள். மேட்ச் பேரலுக்குள் உரசும் பேஸ்ட் எதையும் போக விடாதீர்கள். துடைப்பதென்றால் சேம்பர் பக்கமிருந்து, கம்பி குழலில் உரசாமல் நேராகப் போக வைக்கும் கைடு போட்டு, நீங்களே துடையுங்கள். ஸ்டாக் திருகுகளுக்குக் கையேட்டில் உள்ள அளவில், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச். திரும்பி வந்த ரைஃபிளில் தோட்டா போடும் முன் டம்மி போட்டு போல்ட்டை வேகமாக மூடிப் பாருங்கள், இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். டார்கெட் படத்தை நம்பாதீர்கள், அட்டையைக் கையில் வாங்குங்கள். கொடுக்கும் முன் குரூப் எடுத்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அது இருக்கிறது, அது ஒன்றுதான் இப்போது எனக்குப் பிடிமானம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. லைசென்ஸ் விஷயத்தைத் தனியாக மேலே எழுதப் போகிறேன்.

இடது மூலை கிழிந்து, நீல மையில் 7 எழுதிய டார்கெட் படம் உங்களில் யாருக்காவது வந்திருந்தால், தேதியோடு எனக்கு அனுப்புங்கள். இதுவரை இரண்டு பேர் ஆகிவிட்டோம்.