எங்கள் மாணவர் சங்கம் எப்படி? ஒரு மன்றப் பொருளாளரின் விமர்சனம்

பல்கலைக்கழகக் கட்டண ரசீதில் படிப்புக் கட்டணத்துக்குக் கீழே சின்னதாகச் சில வரிகள் வரும். மாணவர் சேவைக் கட்டணம் அதில் ஒன்று. மாணவர் சங்கத்தின் செலவு பெரும்பாலும் இதிலிருந்துதான் நடக்கிறது. சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்பான சிபிஎஃப்பில் பெற்றோர் சேர்த்த பணத்தில் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த வரி முக்கியம். சிபிஎஃப் கல்வித் திட்டம் படிப்புக் கட்டணத்தை மட்டும்தான் ஏற்கும், இந்தச் சில்லறைக் கட்டணங்களுக்குக் கைக்காசுதான் போக வேண்டும். பேருந்து ஓட்டும் அப்பாவின் சம்பளத்திலிருந்து போகிற காசுக்கு என்ன கிடைத்தது என்று எழுதுவது நியாயம்தானே.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. செயற்குழுவில் இருப்பவர்கள் என்னோடு ஒரே வகுப்பில் உட்காருகிறவர்கள், அவர்களும் மாணவர்கள். சிங்கப்பூரில் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு இருக்கின்றன. ஓரிடத்தில் யூனியன், இன்னோரிடத்தில் அசோசியேஷன் என்று பெயர் மாறும். எங்களுடையதில் துறைக் கழகங்கள் அடியில், அவற்றின் பிரதிநிதிகள் உட்காரும் கவுன்சில் நடுவில், மேலே செயற்குழு. நான் இதை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். சாதாரண உறுப்பினராக ஒரு பக்கம், சங்கத்திடம் நிதி வாங்கி நடக்கும் எங்கள் தமிழ் மன்றத்தின் பொருளாளராக இன்னொரு பக்கம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருக்கிறது. தேர்வுக்கு முன்னால் வரும் ரீடிங் வீக்கில் கேண்டீன் வாசலில் வெல்ஃபேர் பேக் கொடுப்பார்கள். கப் நூடுல்ஸ், காப்பிப் பொட்டலம், பிஸ்கட், பேனா. வெளியில் வாங்கினால் பெரிய விலை ஒன்றும் ஆகாது. ஆனால் இரவு நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பையின் அருமை தெரியும். முன்பெல்லாம் எல்லோருக்கும் ஒரே பைதான், நூடுல்ஸ் கோழிச் சுவை, மிட்டாயில் ஜெலட்டின். சைவம் சாப்பிடும் எங்கள் மன்றத்துப் பிள்ளைகள் பாதியை அறைத்தோழிகளுக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். மன்றத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் போட்டோம். அடுத்த பருவத்தில் ஹலால் பை, சைவப் பை என்று தனித்தனியாகப் பிரித்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார்கள். கேட்டவுடன் செய்தார்கள், யாரும் எங்களை அலையவிடவில்லை.

அதைவிடப் பெரிய உதவி 2023 தீபாவளிக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் பொது விடுமுறை. ஒரு பாடத்தில் குழு அறிக்கையை ஞாயிறு நள்ளிரவுக்குள் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் தமிழர்கள். விரிவுரையாளரிடம் நேரில் கேட்கத் தயக்கம், மதிப்பெண்ணில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான். சங்கத்தின் கல்விப் பிரிவுச் செயலாளருக்கு எழுதினோம். அவர் சீனப் பிள்ளை, தீபாவளி அன்று வீட்டில் என்ன நடக்கும் என்று எங்களிடமே பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்கள் பெயரைச் சொல்லாமல் துறைக்கு எழுதினார். சமர்ப்பிக்கும் நாள் புதன்கிழமைக்கு மாறியது. மாணவர் சங்கம் என்றால் எனக்கு இதுதான்: தனியாகக் கேட்கத் தயங்குகிறவனுக்காகச் சேர்ந்து கேட்பது. அந்த ஒரு வேலைக்காகவே நான் கட்டிய காசு பொருந்தும் என்பேன்.

லாக்கர் வாடகை, அறை முன்பதிவு, விளையாட்டுச் சாமான் இரவல் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. செயலியில் பதிந்தால் போதும்.

இப்போது க்ளெய்ம் விஷயத்துக்கு, அதாவது மன்றத்துக்காகச் செலவழித்த காசைச் சங்கத்திடமிருந்து திரும்ப வாங்குவதற்கு, வருகிறேன். எந்தத் துணை மன்றத்தின் பொருளாளரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்.

ஜனவரியில் பொங்கல் நிகழ்ச்சிக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்ய வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் மூன்று கடைகளிடம் கொட்டேஷன், அதாவது எழுத்தில் விலை விவரம், வாங்கச் சொல்வது விதி. சரியான விதிதான், எல்லோருடைய காசு அது. ஆனால் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத்தான் விலை சொல்வார். "தங்கச்சி, வெலைய நான் வாயாலயே சொல்றேனே, அதுக்கு எதுக்கும்மா லெட்டரு?" என்று கேட்டார். கடையின் பதிவு எண் போட்டு, முத்திரை குத்தி, கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும் என்று விளக்கி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மற்ற இரண்டு கடைகள் பதிலே போடவில்லை. பெரிய கேட்டரிங் நிறுவனங்கள் மின்னஞ்சலில் உடனே கொட்டேஷன் அனுப்பும், ஆனால் தலைக்கு மூன்று நான்கு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதல். இப்படி நடந்தால் சின்னக் கடைகள் தானாக ஒதுங்கிவிடும், கூடுதல் விலைக்குச் சங்கமே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

கடைசியில் சாப்பாட்டுக் காசு 640 வெள்ளியை என் வங்கிக் கணக்கிலிருந்து கைப்பேசி வழியாகப் பேநவ் செய்தேன். வார இறுதியில் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் அது. படிவத்தைச் சங்கத்தின் நிதிச் செயலாளர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மாணவர் விவகார அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து ரசீதில் பதிவு எண் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி தேக்கா, மறுபடி முத்திரை. பணம் என் கைக்கு வந்தபோது அந்தப் பருவமே முடிந்துவிட்டது. முன்பணம் கொடுக்க முடியாதா என்று கேட்டால் நடைமுறை இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் வீட்டில் கொஞ்சம் வசதி உள்ள பிள்ளைகள்தான் பொருளாளர் ஆக முடியும். எங்கள் மன்றத்தில் திறமையான ஒரு பையன் இதனாலேயே அந்தப் பொறுப்பை வேண்டாம் என்று சொன்னான். அது எனக்கு இன்றும் வருத்தம்.

மாணவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட ரசீதை அலுவலகம் ஏன் மறுபடி பார்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1974-இல் அன்றைய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்கு டான் வா பியாவ் தலைவர். ஆட்குறைப்பில் வேலை இழந்த தொழிலாளர்கள் பக்கம் அந்தச் சங்கம் நின்றது. ஜூரோங்கில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் கலவரம் செய்ததாக அவர்மேல் வழக்கு வந்தது, 1975-இல் ஓராண்டுச் சிறை. ஜோடிக்கப்பட்ட வழக்கு என்பது அவருடைய வாதம். அதே ஆண்டு பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டது. சங்கத்தின் நிதி பல்கலைக்கழக நிர்வாகத்தின் பார்வைக்குள் போனது, மைய அமைப்பு பல கழகங்களின் கூட்டாக மாறியது. 1980-இல் அந்தப் பல்கலைக்கழகத்தோடு நன்யாங் பல்கலைக்கழகமும் சேர்ந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உருவானது. மற்றப் பல்கலைக்கழகங்கள் பிறகு வந்தவை, அவற்றுக்கு விதிகள் வேறு. ஆனாலும் மாணவர் பணத்துக்கு அலுவலகம் கடைசிக் கையெழுத்துப் போடுவதை யாரும் கேள்வி கேட்காத பழக்கம் அந்தக் காலத்திலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். கணக்கைச் சரிபார்க்க ஒருவர் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆண்டு முடிவில் தணிக்கை செய்யட்டும். ஒவ்வொரு பிரியாணி ரசீதுக்கும் இரண்டு வாசல் ஏன்?

தேர்தல் பற்றிச் சொல்ல மகிழ்ச்சியாக இல்லை. இணையத்தில் வாக்குப்பதிவு, ஒரு நிமிட வேலை. ஆனால் நான் வாக்களிக்கப் போன ஆண்டுகளில் பல பதவிகளுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் போதிய ஆள் சேரவில்லை என்று அரைமணி நேரம் காத்திருந்துதான் தொடங்கினார்கள். நிதி அறிக்கை திரையில் வந்தது, எழுத்தைப் படிப்பதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். பிறகு எழுதிக் கேட்டேன். அனுப்பினார்கள், மறைக்கவில்லை. அதில் பெரிய பங்கு புது மாணவர்களுக்கான ஓரியண்டேஷன் முகாம்களுக்குப் போயிருந்தது. முகாம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், என் நெருங்கிய தோழிகள் அங்கே கிடைத்தவர்கள்தான். ஆனால் ஜூலை, ஆகஸ்ட்டில் வேலைக்குப் போய்க் கட்டணத்துக்குச் சேர்க்கும் பிள்ளைகள் முகாமுக்கே வருவதில்லை. தூரத்து உட்லண்ட்ஸிலிருந்து தினமும் எம்ஆர்டி ரயிலில் வந்து போகிறவர்களுக்கு இரவு நிகழ்ச்சிகளும் எட்டாது. அவர்களும் அதே கட்டணத்தைத்தான் கட்டுகிறார்கள்.

ஆகஸ்ட்டில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு: வெல்ஃபேர் பேக்கை வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், பாடத்திலோ தேர்விலோ அநியாயம் என்று பட்டால் கல்விப் பிரிவுக்கு எழுதுங்கள், எங்கள் சங்கத்தில் உண்மையிலேயே வேலை செய்கிற பிரிவு அது. துணை மன்றத்தில் பொறுப்பு எடுத்தால், கடைக்குப் பணம் கொடுக்கும் முன்பே ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்த ஆண்டுச் செயற்குழுவிடம் மூன்று விஷயங்கள் எழுதிக் கேட்டிருக்கிறேன். துணை மன்றங்களுக்கு 500 வெள்ளி வரை முன்பணம். சின்னக் கடைகளிடம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரும் விலையையும் கொட்டேஷனாக ஏற்பது. நிதி அறிக்கையைப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லா உறுப்பினருக்கும் அனுப்புவது. மூன்றாவதற்கு உடனே சரி என்று பதில் வந்துவிட்டது. மற்ற இரண்டும் அடுத்த கவுன்சில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இருக்கின்றன, எங்கள் தமிழ் மன்றத்திலிருந்து மூன்று பேர் போகிறோம்.