பன்னாட்டு வரி விதி: பாரிஸில் பேசுவதா, நியூயார்க்கில் பேசுவதா?

பன்னாட்டு நிறுவனம் விற்பது ஓரிடம், லாபம் காட்டுவது வேறிடம். அந்த லாபத்தில் எந்த நாடு எவ்வளவு வரி எடுக்கலாம் என்ற சண்டைக்கு நூறு வயதாகப் போகிறது. தலைமையகம் இருக்கும் நாடு பெரும்பாலும் பணக்கார 'வடக்கில்' இருக்கிறது. அது "நிறுவனம் என்னுடையது" என்கிறது. சந்தையாக இருக்கும் நாடு, "சம்பாதித்தது இங்கேதானே" என்கிறது. இதற்கு விதி எழுத இப்போது இரண்டு மேடைகள் போட்டி போடுகின்றன. ஒன்று பாரிஸில் உள்ள, பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. நடத்தும் 'அனைவரையும் உள்ளடக்கிய சட்டகம்'. 2016இல் தொடங்கியது, 140க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். மற்றொன்று ஐ.நா.வின் வரி ஒத்துழைப்பு உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தை. 2025இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஜி20 அமைப்பும் வரி பேசுகிறது, ஆனால் அது அறிக்கை விடுவதோடு சரி. விதியின் வாசகம் வேறிடத்தில்தான் எழுதப்படுகிறது.

மேடை மாறினால் விதி எப்படி மாறும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் வரிக் கூட்டம் மெக்சிகோ நகரில் நடந்தது. லத்தீன் அமெரிக்க நாடுகளின் கை ஓங்கியிருந்தது. அங்கே உருவான மாதிரி ஒப்பந்தம் வருமானம் எழும் நாட்டின் பக்கம் சாய்ந்தது. 1946இல் லண்டனில் கூடினார்கள். அதே வேலை, ஆனால் மாதிரி இந்த முறை முதலீடு செய்யும் நாட்டின் பக்கம் திரும்பிவிட்டது. ஓ.இ.சி.டி. பிற்பாடு வளர்த்தெடுத்தது லண்டன் வழியைத்தான்.

பாரிஸைக் குறை சொல்லும் முன் அதன் பலத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே வேலை நடக்கிறது. வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே உருவானதுதான். ஸ்விஸ் வங்கி ரகசியம் என்று நாம் கதை கதையாகப் பேசியது கணிசமாகக் கரைந்ததில் அதற்குப் பங்கு உண்டு. நிபுணர் பட்டாளம், பல பத்தாண்டு ஆவணங்கள், நிதி என எதற்கும் குறைவில்லை.

குறை, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதில் இருக்கிறது. லாபத்தை வேறு நாட்டுக்கு நகர்த்தி வரியைத் தவிர்ப்பதைத் தடுக்கும் 15 நடவடிக்கைகளை 2013 முதல் 2015 வரை ஓ.இ.சி.டி. நாடுகளும் ஜி20 நாடுகளும் சேர்ந்து முடித்துவிட்டன. இந்தியா ஜி20 வழியாக அந்த மேஜையில் இருந்தது. அடுத்த ஆண்டு மற்றவர்களை அழைத்தார்கள். நான்கு குறைந்தபட்ச நெறிகளை ஏற்பதாக உறுதி கொடுத்தால்தான் இடம். பந்தி முடிந்தபின் அழைத்து, இலை எடுக்கச் சொன்ன கதை.

அப்புறம் அந்தக் 'கருத்தொற்றுமை'. வாக்கெடுப்பு கிடையாது, யாரும் அழுத்தமாக மறுக்காவிட்டால் ஏற்றதாகக் கொள்வார்கள். இரண்டு பேரை அனுப்பவே திணறும் ஒரு சிறிய நாட்டின் நிதியமைச்சகம் நூற்றுக்கணக்கான பக்கங்களைச் சில நாட்களில் படித்து மறுப்புச் சொல்வது நடக்கிற காரியமா? 2021 அக்டோபரில் 15 சதவீதக் குறைந்தபட்ச வரி உள்ளிட்ட 'இரு தூண்' திட்டம் வந்தபோது 140இல் 136 நாடுகள் சம்மதித்தன. அப்போது கையெழுத்திட மறுத்தவை கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை. நான்குமே 'தெற்கு', அதாவது வளரும் நாடுகள்.

முதல் தூணின் கதைதான் பாரிஸை நன்றாகக் காட்டிக் கொடுக்கிறது. மிகப்பெரிய நிறுவனங்களின் கூடுதல் லாபத்தில் ஒரு பங்கைச் சந்தை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் அது. தெற்கு ஆவலோடு காத்திருந்த பகுதி. 2023இல் வெளியான உடன்படிக்கை வரைவின்படி, அது அமலுக்கு வரக் குறைந்தது 30 நாடுகள் ஒப்புதல் தர வேண்டும். அதோடு மொத்தமுள்ள 999 புள்ளிகளில் 600 சேர வேண்டும். புள்ளிகள் தலைமையகங்களைப் பொறுத்துப் பிரிக்கப்பட்டவை. அமெரிக்காவுக்கு மட்டும் 486. மீதமுள்ள எல்லா நாடுகளும் ஒன்று சேர்ந்தாலும் 513தான் வரும். அமெரிக்கா அசையவில்லை, தூணும் எழவில்லை.

இரண்டாம் தூண் எழுந்தது. 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள குழுமங்கள் எங்கே லாபம் காட்டினாலும் 15 சதவீதமாவது கட்ட வேண்டும். ஆனால் 2025 ஜூனில் ஜி7, அமெரிக்கத் தலைமையகம் கொண்ட குழுமங்களுக்கு இதன் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கச் சம்மதித்தது. 2026 ஜனவரியில் பாரிஸ் சட்டகமும் அதை ஏற்றது. ஏழு பேர் முடிவு செய்ததை 140 பேர் வழிமொழிந்தார்கள்.

சரி, நியூயார்க்? அங்கே ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. ஆப்பிரிக்க நாடுகளின் சார்பில் நைஜீரியா இந்த உடன்படிக்கைக்காகக் கொண்டுவந்த தீர்மானம் 2023 நவம்பரில் பொருளாதார விவகாரங்களைக் கவனிக்கும் ஐ.நா. இரண்டாம் குழுவில் 125 வாக்குகள் பெற்றது, எதிர்ப்பு 48. எதிர்த்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் ஏறக்குறைய ஓ.இ.சி.டி. உறுப்பினர் பட்டியலைப் பார்த்த மாதிரி இருந்தது. பிரிட்டன், 'உடன்படிக்கை' என்று கட்டுப்படுத்தும் வாசகத்தை நீர்த்துப்போகச் செய்யத் திருத்தம் கொண்டுவந்து தோற்றது. 2024 டிசம்பரில் பேச்சுவார்த்தைக்கான வரையறை பொதுச்சபையில் நிறைவேறியபோது ஆதரவு 119, எதிர்ப்பு 9, நடுநிலை 43. ஐரோப்பிய ஒன்றியம் நடுநிலைக்கு இறங்கி வந்திருந்தது. 2025 பிப்ரவரியில் முதல் அமர்விலேயே அமெரிக்கா வெளிநடப்புச் செய்து, மற்றவர்களையும் அழைத்தது. யாரும் பின்னால் போகவில்லை.

"அமெரிக்கா இல்லாத வரி ஒப்பந்தம் எதற்கு உதவும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் பதில் எந்த வரியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஐ.நா. உடன்படிக்கையோடு வரவிருக்கும் முதல் நெறிமுறை (உடன்படிக்கையோடு சேர்ந்த துணை ஒப்பந்தம்) எல்லை தாண்டிய சேவைகளின் வருமானம் பற்றியது. இங்குள்ள ஒரு நிறுவனம் வெளிநாட்டு ஆலோசகருக்கோ விளம்பரத் தளத்துக்கோ பணம் அனுப்புகிறது, அனுப்பும்போதே டி.டி.எஸ். போலப் பிடித்துவிடலாம். பணம் கிளம்பும் இடம் நம் கையில் இருக்கிறது. தலைமையக நாட்டின் தயவு தேவையில்லை, ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி போடாமலிருக்கச் செய்துகொண்ட பழைய இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்கள் குறுக்கே நிற்காதவரை.

தனியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை இந்தியா பார்த்துவிட்டது. 'கூகுள் வரி' என்று பேர் வாங்கிய 6 சதவீத வரியை 2016இல் இணைய விளம்பரங்களுக்குப் போட்டது. 2020இல் மின்வணிகத்துக்கு 2 சதவீதம். அமெரிக்கா பதிலடி இறக்குமதி வரி மிரட்டலோடு வந்தது. 2 சதவீதம் 2024 ஆகஸ்டில் போனது, 6 சதவீதம் 2025 ஏப்ரலில். ஒரு நாட்டை மிரட்டுவது எளிது. நூறு நாடுகள் ஒரே நெறிமுறையின்படி பிடிக்கும் வரியை மிரட்டுவது அவ்வளவு எளிதல்ல. ஐ.நா. மேடையின் உண்மையான மதிப்பு வாக்கு எண்ணிக்கையைவிட இந்தத் துணையில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

நியூயார்க்கிலும் ஓட்டைகள் உண்டு. ஐ.நா. பணத்தட்டுப்பாட்டில் இருக்கிறது, செயலகத்தில் வரி அறிந்தவர்கள் சிலர்தான். வரைவு 2027இல்தான் முழுமையாகும். அதற்குப் பின் நாடுகள் ஒப்புதல் தர வேண்டும். அதுவரை கஜானா காத்திருக்காது.

அதனால் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டாம் தூணில் தெற்குக்குப் பயன்படும் ஒரு பகுதி, உள்நாட்டு மேல்நிரப்பு வரி. ஒரு குழுமத்தின் வரியைச் சலுகை கொடுத்து 5 சதவீதத்துக்கு இறக்கியிருந்தால், மீதி 10 சதவீதத்தை வேறு நாடு எடுக்கும் முன் நாமே எடுத்துக்கொள்ளலாம். வியட்நாம் 2024 ஜனவரியிலிருந்து அப்படிச் செய்கிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் 2025இல் தொடங்கின. அமெரிக்கக் குழுமங்களுக்குக் கொடுத்த விலக்கும் இந்த வரியைத் தொடவில்லை. இதைப் பாரிஸிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் சேவை வரிக்கு பாரிஸை இன்னும் நம்பிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. திறமையான அதிகாரிகள் நாலு பேர் இருந்தால், மூன்று பேரை நியூயார்க்குக்கு அனுப்புவதே சரி.