இந்திராநகர் முழுநாள் கோடை முகாம்: வேலைக்குப் போகும் தாயின் பார்வையில்

கர்நாடக மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரல் இரண்டாம் வாரவாக்கில் தொடங்கும் விடுமுறை மே மாத இறுதி வரை நீள்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், இத்தனை வாரங்களும் பிள்ளை பகலில் யாரிடம் இருப்பான் என்பதே முதல் கேள்வி. களிமண் பொம்மையா, ரோபோட்டிக்ஸா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் பெங்களூருவில் வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை நடக்கும் முகாம்களுக்கானவை. அல்சூரில் குடியிருந்து வெளிவட்டச் சாலையில் வேலை பார்க்கும் எனக்கு, பிள்ளையை விட்டுவிட்டு அலுவலகத்தில் போய் உட்காருவதற்குள் அழைத்துவரக் கிளம்பும் நேரம் வந்துவிடும்.

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று சொன்னது உண்மைதான். எங்கள் அலுவலகத்திலும் இருக்கிறது. ஆயினும் அது சின்னஞ்சிறு குழந்தைகளுக்கானது. எட்டு வயதுப் பையனுக்கு அங்கே இடமில்லை. ஆகவே இந்திராநகரில் காலை எட்டே முக்கால் முதல் மாலை ஆறு மணி வரை நடக்கும் தனியார் முகாம் ஒன்றில் மகனைச் சேர்த்தோம். பெயரைவிட அங்கே காரியங்கள் நடக்கும் விதம்தான் மற்றப் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

தொலைபேசியில் கேட்டபோது வாரத்துக்கு 6,000 ரூபாய் என்றார்கள். பணம் கட்டும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து அது 7,080 ஆனது. ரோபோட்டிக்ஸ் கிட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் தனிக் கணக்கு. வரியோடு எவ்வளவு, கிட் கட்டாயமா, வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்பலாமா என்ற மூன்றையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கொடுத்தனுப்பலாம் என்று தெரிந்ததும் நாங்கள் தயிர்சாதத்துக்கு மாறிவிட்டோம்.

இந்த முகாமில் எனக்கு மிகவும் பிடித்தது வாசலில் இருந்த பதிவேடு. பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடியவர்களின் புகைப்படங்களை முதல் நாளே வாங்கி அதில் ஒட்டிவிடுகிறார்கள். வேலூரிலிருந்து வந்திருந்த என் மாமனார் ஒரு மாலை, அடையாள அட்டை ஏதும் எடுத்துக்கொள்ளாமல் பேரனை அழைத்துவரப் போய்விட்டார். அவருடைய படம் பதிவேட்டில் இல்லை. "ஐயா, தப்பா நினைக்காதீங்க. மேடம் போன்ல ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே அனுப்பிடறேன்" என்று காவலாளி அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். என் பேரனைக் கூட்டிப்போக எனக்கே அனுமதியா என்று மாமனார் வீட்டுக்கு வந்தும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கோ, கட்டிய பணத்தில் பாதி அந்தக் காவலாளிக்கே தகும் என்று தோன்றியது.

காலை நேரம் நன்றாகவே போகிறது. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி செல்சியஸைத் தொட்ட ஊர் இது. பழைய குளிர்ச்சியை நம்பி நண்பகலில் பிள்ளைகளை மைதானத்தில் விட முடியாது. அதை உணர்ந்து வெளி விளையாட்டுகளைப் பத்தரை மணிக்குள் முடித்துவிட்டு, நாடகப் பயிற்சியையும் ஓவியத்தையும் உள்ளே நடத்துகிறார்கள். இடி கேட்டதும் எல்லாரையும் கட்டடத்துக்குள் அழைத்துக்கொள்வதையும் கவனித்தேன். கோடை மழைக்கு இந்நகரின் மரக்கிளைகள் எப்படி முறிந்து விழும் என்பது இங்கிருப்போர் அறிந்ததே.

குறை முழுவதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். பயிற்சியாளர்கள் இரண்டு மணிக்குக் கிளம்பிவிட, உதவியாளப் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் திரையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் படங்கள் அத்தனையும் முற்பகலில் எடுத்தவை என்பதே இதைக் காட்டிக்கொடுத்தது. கேட்டால் அது ஓய்வு நேரம் என்றார்கள். நான்கு மணி நேர ஓய்வு எட்டு வயதுக்குத் தேவையில்லை என்று நானும் வேறு சில பெற்றோரும் சொன்ன பிறகு கேரம் பலகைகளும் கதைப் புத்தகங்களும் வந்தன, பயிற்சியாளர் வரவில்லை. நீச்சலுக்கு வேனில் வேறிடம் அழைத்துப் போகிறார்கள். தண்ணீருக்குள் எத்தனை பேர் இறங்குவார்கள், உயிர்காப்பாளர் எத்தனை பேர் என்பதற்குத் தெளிவான பதில் கிடைக்காததால் அதில் சேர்க்கவில்லை.

பகலில் தாத்தா பாட்டி வீட்டில் இருக்கிறார்கள் என்றால் இவ்வளவு செலவு தேவையே இல்லை. கப்பன் பூங்காவில் உள்ள ஜவகர் பால பவன் ஆண்டுதோறும் கோடை முகாம் நடத்துகிறது. அல்சூரிலிருந்து ஊதா வழித்தட மெட்ரோவிலேயே பூங்காவுக்குப் போய்விடலாம். வானத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு நேரு கோளரங்கமும், மேடையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஜே.பி. நகரின் ரங்கசங்கரா நாடக அரங்கமும் இருக்கின்றன. கற்றுத்தருவதில் இவற்றை நான் மேலாகவே மதிப்பேன். மாலை ஆறு மணி வரை பிள்ளையை வைத்துக்கொள்வார்களா என்பது வேறு கேள்வி.

வேறு வழியில்லாத வாரங்களுக்கு மட்டும் இந்திராநகர் முகாமை எடுத்துக்கொள்ளலாம். பருவம் முழுவதற்கும் சேர்ந்தால் தள்ளுபடி தருகிறார்கள். ஆனால் இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்காது என்று ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வாராவாரம் கட்டுங்கள்.