முதல்ல வெடியை நிப்பாட்டுறதா, வேலியை அளக்கிறதா?

எங்கட ஊரில வேலிச்சண்டை பாத்து வளந்த ஆக்களுக்கு ரெண்டு பக்கத்து நாடு அடிபட்டா ஏன் லேசில ஓயாது எண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதுக்கு தேப்பன் போட்ட வழக்கை மகன் கோட்டுக்குக் கொண்டு திரியிற ஊரெல்லோ இது. போன கிழமை ரிவியில ரெண்டு நாட்டுச் சண்டை நியூஸ் போய்க்கொண்டிருக்கேக்க பக்கத்து வீட்டு மாமா கேட்டார், "உவங்கள் முதல்ல நிப்பாட்டிப்போட்டு ஆறுதலாக் கதைச்சா என்ன?" எண்டு. கேக்கிறது நியாயம்தான், ஆனா இதை ரெண்டு விதமாவும் செய்து பாத்திருக்கினம், ரெண்டிலயும் நல்லா வாங்கிக் கட்டியும் இருக்கினம்.

எல்லாத்தையும் கதைச்சு முடிச்சாப்பிறகுதான் வெடி நிக்கும் எண்ட வழிக்கு கொரியாவைப் பாருங்கோ. 1951 ஜூலை 10 கேசோங்கில கதைக்கத் துவங்கி, பேந்து பன்முன்ஜோமுக்கு மாறி, 1953 ஜூலை 27தான் கையெழுத்து விழுந்தது. அந்த ரெண்டு வருசமும் மேசையில கதை, மலையில சண்டை. ஏனெண்டா கையெழுத்து வைக்கிற அண்டைக்கு ஆர் எதில நிக்கிறானோ அதை வச்சுத்தான் கோடு, அப்ப ஒரு குன்றைக் கூடப் பிடிச்சா அது லாபம், இந்தக் கணக்கில பேரில்லாத குன்றுகளுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில பெடியள் செத்தாங்கள். 1952 மே மட்டில மிச்சமிருந்த பெரிய பிரச்சினை ஒண்டே ஒண்டு, கைதியளை எல்லாரையும் திருப்பி அனுப்புறதோ, போக விரும்பினவையை மட்டும் அனுப்புறதோ எண்டது. அதுக்கே இன்னும் ஒரு வருசத்துக்கு மேல போச்சு! முடியுற நேரம் பாத்து தென்கொரியாவின்ர சனாதிபதி சிங்மன் ரீ 25,000க்கு மேற்பட்ட கைதியளைத் தன்ர பாட்டில திறந்து விட்டார், தென்கொரியா கடைசி வரைக்கும் கையெழுத்தே வைக்கேல்லை.

ஆனா ஒண்டு சொல்லோணும், அந்தக் கோடு இண்டைக்கும் நிக்குது. நாலு கிலோமீற்றர் அகலச் சூனியப் பிரதேசம், ஆர் எவ்வளவு பின்னுக்குப் போறது எண்டு வரைபடத்தில துல்லியமாக் கீறி வச்சினம். சமாதான ஒப்பந்தம் இன்னும் இல்லை, பெரிய போரும் திரும்ப வரேல்லை.

மற்ற வழி மாமா சொன்னதுதான், முதல்ல நிப்பாட்டு. இதுக்கு இந்தியா பாகிஸ்தானைப் பாக்கலாம். 1949இல கராச்சியில காஷ்மீருக்கு வெடி நிப்பாட்டுற கோடு கீறிக்கொண்டு போனவை, ஆக்கள் இல்லாத இடம் வந்த உடனை "அங்கயிருந்து வடக்க பனிமலை மட்டும்" எண்டு எழுதி விட்டிட்டினம். பனிக்குள்ள போய் ஆர் அடிபடப்போறான் எண்டு நினைச்சிருப்பினம். 1984இல அந்தப் பனிமலைப் பக்கத்துச் சியாச்சினில ஏறி நிண்டு அடிபடத் துவங்கினாங்கள். அவசரத்தில விட்ட ஒரு வரி 35 வருசம் கழிச்சு வந்து கழுத்தைப் பிடிச்சிருக்கு.

இதே ரெண்டு நாட்டுக்கும் 2025 மேயில என்ன நடந்தது? 7ஆம் திகதி துவங்கினது, 10ஆம் திகதி பின்னேரம் ரெண்டு பக்கத்து இராணுவ அதிகாரியளும் போனில கதைக்க நிண்டது. நாலு நாள்! அதை உலகத்துக்கு முதல் சொன்னது ட்ரம்ப், பாகிஸ்தான் நன்றி சொல்லிச்சு, இந்தியா மூண்டாம் ஆள் ஒருத்தரும் இல்லை எண்டிச்சு. ஆர் நிப்பாட்டினது எண்டதிலயே இன்னொரு சண்டை, ரெண்டு பேருக்கும் தன்ர சனத்துக்கு முன்னால தோக்காத ஆளா நிக்கோணுமெல்லோ.

அப்ப சேர்வேயரைக் கூப்பிட்டா என்ன எண்டு நீங்க கேப்பியள். எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் அதையும் செய்து பாத்தவை. 2000இல அல்ஜியர்ஸில ஒப்பந்தம், எல்லை ஆணைக்குழு சொல்லுறதுதான் முடிவு, மறுபேச்சில்லை எண்டு ரெண்டு பேரும் கையெழுத்து. 2002இல ஆணைக்குழு, ரெண்டு பேரும் அடிபட்ட பத்மே எண்ட ஊர் எரித்திரியாவுக்கு எண்டு சொல்ல, எத்தியோப்பியா இழுக்கத் துவங்கி அந்தத் தீர்ப்பை முழுசா ஏற்கிறம் எண்டு சொன்னது 2018இல. கல்லு நட்டாப்பிறகும் வேலி அடைக்க விடாத ஆக்கள் எங்கட ஒழுங்கையிலயும் இருக்கினம்.

களைச்சாத் தானா நிப்பாட்டுவாங்கள் எண்டும் சில பேர் சொல்லுவினம். ஈராக்கோட நடந்த போரில ஈரான் 1982இல தன்ர கொரம்ஷார் நகரத்தைத் திருப்பிப் பிடிச்ச கையோட நிப்பாட்டியிருக்கலாம், ஈராக்தான் துவக்கினது எண்டு ஒப்புக்கொள்ள வைக்காமல் விடமாட்டம் எண்டு நிண்டு, 1988இல நஞ்சு குடிக்கிற மாதிரி எண்டு சொல்லிக்கொண்டு ஈரான் தலைவர் கொமெய்னி சம்மதிக்க இன்னும் ஆறு வருசம் போச்சு. களைப்பை நம்பியிருக்கிறது விசர்வேலை.

என்னைக் கேட்டா நான் மாமாவின்ர பக்கம்தான், ஆனா கண்ணை மூடிக்கொண்டு இல்லை. ஆர் எதில நிக்கிறது எண்ட கோட்டை மட்டும் ஒரு இடமும் மழுப்பாமல் எழுதோணும், கைதியளின்ர கதையை வேற மேசையில வைக்கோணும், அதுக்காக வெடி நிக்கிறது பிந்தக் கூடாது. எல்லையின்ர கடைசித் தீர்ப்பு பிந்தினாப் பிந்தட்டும். பங்குக் கிணத்துக்கு வழக்குப் போட்ட ரெண்டு வீடும் வழக்கு முடியும் மட்டும் தண்ணி அள்ளாமலா இருக்குதுகள்?

2002 பெப்ரவரி 22 எங்களுக்கும் ஒரு பேப்பர் வந்தது, இலங்கை அரசாங்கமும் புலிகளும் வச்ச போர்நிறுத்த ஒப்பந்தம். அது ரெண்டு நாட்டுச் சண்டை இல்லை, தெரியும், ஆனா பேப்பர் எப்பிடி வேலை செய்யும் எண்டு நாங்கள் பாத்தது அதிலதான். அஞ்சு நோர்டிக் நாட்டிலயிருந்து வந்த கண்காணிப்புக்குழுவுக்கு மீறல்களை விசாரிச்சுக் கணக்கெழுதலாம், தடுக்க ஏலாது. ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள இருந்த வீடுவளவுக் கதை அப்பவும் தீரேல்லை. 2006 ஓகஸ்டில யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 றோட்டு திரும்பப் பூட்டு, 2008 ஜனவரியில பேப்பரும் முடிஞ்சுது. அரைகுறை எண்டு திட்டாத ஆள் இல்லை.

நானும் மாமாவுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன். மனுசன் ரீயைக் குடிச்சு முடிச்சுப்போட்டு, "ஏ9 திறந்திருந்த நேரத்திலதான்ரா தம்பி மூத்தவளின்ர கலியாணம் நடந்தது, கொழும்பிலயிருந்து மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு வானில வந்தவை" எண்டார்.