1,62,000 கிலோமீட்டரில் வந்த நடுக்கம்: என் பழைய டீசல் ஃபோர் வீலரும் அதன் ஆட்டோ கியரும்

முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில், பின்சீட்டில் இருந்து கேட்டார்: “ஏங்கண்ணு, தார் போடறதுக்கு ரோட்டைச் சொரண்டி வெச்சிருக்கறாங்களா?” ரோடு வழவழவென்றுதான் இருந்தது. ஸ்பீடோமீட்டரில் 68. ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் இருந்தது. மூன்று நொடி தடதடவென்று ஒரு அதிர்வு, பிறகு ஒன்றுமே நடக்காதது போல வண்டி போனது. ஓடோமீட்டர் 1,62,000-ஐத் தாண்டியிருந்தது.

வண்டி 2013 மாடல். ஏழு பேர் உட்காரும் டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் ஃபோர் வீல் டிரைவ். கம்பெனி பெயர் வேண்டாம். டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) வைத்த ஆட்டோ கியர் எதற்கும் வரக்கூடிய வியாதி இது.

அடுத்த ஆறு மாதம் நான் செய்ததெல்லாம் தண்டச் செலவு. டீசல் வண்டி நடுங்கினால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை. நான்கையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தன. அடுத்து இன்ஜினைத் தாங்கும் மவுண்ட். பழையதில் ரப்பர் வெடித்திருந்ததால் மாற்றியதில் தப்பில்லை. ஐடிலில் வண்டி அமைதியானது. 68-இல் வரும் தடதடப்பு மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். எரர் கோட் எதுவும் இல்லை. இல்லாவிட்டாலும் தீர்ப்பு வந்தது: கியர்பாக்ஸ் அசெம்பிளி மாற்ற வேண்டும், மூன்றே முக்கால் லட்சம். கியர் ஆயிலை எப்போது மாற்றினோம் என்று கேட்டேன். “அது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே தேவையில்ல” என்றார் அட்வைசர். யாருடைய லைஃப் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நண்பர் ஒருவர் சொல்லி, ஆட்டோ கியர் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “தார் ரோட்டுல ஃபோர் ஹைல போட்டு ஓட்டுனீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. காய்ந்த ரோட்டில் அப்படி நான்கு சக்கரத்தையும் பிணைத்து ஓட்டினால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, திருப்பத்தில் வண்டி இழுத்து உதறும். அதைக் கியர்பாக்ஸ் கோளாறு என்று கொண்டுவருபவர்கள் உண்டாம். இல்லை, டூ வீலில்தான் என்றேன். “அப்ப வாங்க, ஒரு ரவுண்டு போலாமுங்க.”

காலி ரோட்டில் 70-க்குக் கொண்டுபோகச் சொன்னார். நடுக்கம் வந்தது. “கால அப்படியே வெச்சுட்டு, இடது காலால பிரேக்க லேசாத் தொடுங்க. அமுக்க வேண்டாம், லைட் எரிஞ்சாப் போதும்.” தொட்டேன். நடுக்கம் கத்தரித்தது போல நின்றது, ஆர்.பி.எம். முள் ஒரு இருநூறு மேலே ஏறியது. “இன்ஜினும் இல்ல, ஷாஃப்ட்டும் இல்ல. கன்வெர்ட்டர் லாக்கப்புங்க” என்றார். மொத்தம் இருபது நிமிடம்.

டார்க் கன்வெர்ட்டர் என்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் பாத்திரம். ஆயில் வழிச் சக்தி எப்போதும் கொஞ்சம் வழுக்கும். அது டீசலுக்கு நஷ்டம். அதனால் வேகம் சீரானதும், உள்ளே இருக்கும் ஒரு கிளட்ச் இரண்டையும் நேராகப் பிணைத்துவிடும். லாக்கப் என்பது அதுதான். பிரேக்கைத் தொட்டால் கம்ப்யூட்டர் அந்தப் பிணைப்பை விட்டுவிடும், மெக்கானிக்கின் சோதனைக்கு அதுவே சூட்சுமம். என் வண்டியைப் போன்றவற்றில் அந்தக் கிளட்ச் முழுதாகப் பிடிப்பதும் இல்லை. டீசல் இன்ஜினின் உதறல் உள்ளே வராமலிருக்க, வேண்டுமென்றே துளி வழுக்கலோடு ஓட்டுகிறார்கள். அந்த வழுக்கல் சீராக இருப்பது ஆயிலில் கலந்திருக்கும் உராய்வு மருந்துகளின் வேலை. வருடக்கணக்கில் சூடுபட்டு அவை செத்துப்போனால், கிளட்ச் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். சிமெண்டுத் தரையில் மரப் பெஞ்சை இழுத்தால் துள்ளித் துள்ளி வருமே, அதேதான்.

சூடு எங்கே பட்டது என்பதற்கும் எனக்கு விடை தெரியும். மாதம் ஒருமுறை வால்பாறை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஏழு பேர், மேலே கேரியரில் மூட்டை. பின்னாளில் ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி மாட்டிப் பார்த்தேன்: சமவெளியில் 85 டிகிரி காட்டும் கியர் ஆயில், அந்த ஏற்றத்தில் 110-ஐத் தொட்டது.

இனி ஆயில். முதலில் சோம்பேறித்தனமாக ஒரு குறுக்குவழி பார்த்தேன்: ட்யூபில் வரும் உராய்வு மருந்து. ஊற்றிய மறுநாளே நடுக்கம் போனது. மூவாயிரம் கிலோமீட்டரில் திரும்பி வந்தது. ஆக வியாதி ஆயிலில்தான் என்று உறுதியானது, அந்த மட்டில் லாபம்.

பிறகு முறையாக இறங்கினோம். மெஷின் வைத்து அழுத்தத்தில் மொத்தமாகக் கழுவுவதற்கு மெக்கானிக் சம்மதிக்கவில்லை. இத்தனை வயதான பெட்டியில் அடியில் கிடக்கும் கசடு கிளம்பி, கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியில் போய் உட்கார்ந்துவிடும் என்பது அவர் பயம். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பிளக்கைத் திறந்து வடித்தால் வெளியே வருவது நான்கு லிட்டர்தான். மொத்தக் கொள்ளளவு கிட்டத்தட்ட பத்து. மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். அதனால் ஒருமுறை மாற்றினால் 40 சதவீதம் புதுசு, இரண்டாவது முறை 64, மூன்றாவது முறை 78. ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளி விட்டு மூன்று முறை மாற்றினோம். முதல்முறை வடிந்தது டிகாக்‌ஷன் நிறம், கருகல் வாடை. கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டுக்குள் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்தது. “சில்லு சில்லா இரும்பு இருந்திருந்தா நானே பெட்டியப் பிரிக்கச் சொல்லியிருப்பனுங்க” என்றார்.

அளவு பார்ப்பது தனிக் கூத்து. டிப்ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 40 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது, வழிவுப் பிளக்கைத் திறந்து சொட்டுச் சொட்டாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது பார்த்தால் ஆயில் விரிந்திருக்கும், அளவு சரியென்று ஏமாந்து குறைவாக விட்டுவிடுவோம். ஏப்ரல் மதியத்தில் வண்டி நிழலில் நிற்கும்போதே 36 டிகிரி! அதனால் காலை ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போனோம். ஆயிலும் கையேட்டில் போட்டிருந்த ரகத்தையேதான் வாங்கினேன், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் டின்னை அல்ல. ஆயில், ஃபில்டர், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 21,000 ஆனது.

இரண்டாவது மாற்றலுக்குப் பிறகே நடுக்கம் காணாமல் போனது. மூன்றாவதோடு, கம்ப்யூட்டர் பழைய ஆயிலுக்கு ஏற்பப் பழகிவைத்திருந்த கணக்கையும் மெக்கானிக் அழித்தார். கியர் மாறுவதுகூட மெத்தென்றானது. அப்போது 1,69,000. அடுத்த 38,000 கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லை.

2,07,000-இல், நல்ல வெயிலில், மறுபடி லேசாகத் தலைகாட்டியது. மீண்டும் ஒரு மாற்றல், அடங்கியது. ஆனால் முன்போல முழுதாக அல்ல. மாதம் ஒருமுறை, மேட்டில், ஒரு நொடி. கிளட்சின் லைனிங்கே தேய்ந்து வருகிறது என்கிறார் மெக்கானிக். கன்வெர்ட்டரை வெட்டிப் பிரித்து, லைனிங் மாற்றி, வெல்டிங் அடித்து, பேலன்ஸ் பார்த்துப் பொருத்த 45,000 கேட்கிறார். நியாயமான தொகைதான். ஆனால் 2028-இல் ஆர்.சி. புதுப்பிக்கும் வேலை இருக்கிறது, அதற்கு முன் இந்தப் பணத்தைப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது 2,14,000. வால்பாறை ஏற்றத்தில் மேனுவல் மோடில் மூன்றாவது கியருக்கு மேல் விடுவதில்லை, 105 டிகிரி காட்டினால் ஓரங்கட்டி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஆறவைக்கிறேன். அந்த இடைவெளியில் அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்துவிடுவார்.