"இலவசமா தண்ணி டெஸ்ட் பண்றோம்மா": தண்டையார்பேட்டையில் 16,500 ரூபாய் போன கதை

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் இருக்கிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சின்னப் பெட்டியோடு பகல் நேரமாகப் பார்த்து இரண்டு பேர் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா மட்டும்தான் இருந்தார்.

ஒரு டம்ளரில் எங்கள் மெட்ரோ தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்ஓ (உப்பை வடிகட்டி எடுக்கும் மெஷின்) தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி கரண்ட் கொடுத்தார்களாம். கொஞ்ச நேரத்தில் எங்கள் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறிக் கசடு மிதந்தது. அவர்களுடையது பளிச்சென்று அப்படியே இருந்தது. "இதைத்தாம்மா பேரப்புள்ளைங்க குடிக்குது" என்றதும் அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் வேலை முடிந்து வருவதற்குள் ஆர்ஓ மெஷின் சுவரில் ஏறிவிட்டது.

அடுத்த வாரம் வருட சர்வீஸுக்குப் பணம் கட்டச் சொல்லி அதே தம்பி, அதே பெட்டியோடு வந்தார். இந்த முறை நான் இருந்தேன். எங்கள் மெஷினில் பிடித்த தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, "இப்ப விடுங்க தம்பி" என்றேன். அதே கசடு, அதே நிறம்.

"உப்பு போட்டா அப்படித்தான் சார் வரும்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அழுக்கு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வருகிறது. தண்ணீரில் உப்புக்கள் இருந்தால் மின்சாரம் பாயும். இரும்புக் கம்பி கரைந்து துருவாகவும் அலுமினியக் கம்பி வெள்ளைத் திப்பியாகவும் படியும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் கம்பி கரைவதில்லை.

அவர் பேனா மாதிரி வைத்திருந்த டிடிஎஸ் மீட்டரில் (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புக்கள் கரைந்திருக்கின்றன என்று காட்டுவது) எங்கள் குழாய்த் தண்ணீர் 310 காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, 500 வரை தாராளமாக ஏற்கிறது. ஆர்ஓவே வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒரு குடம் பிடிக்க மூன்று குடம் வீணாக ஓடுகிறது. அம்மா அதைப் பக்கெட்டில் பிடித்துப் பாத்திரம் கழுவுகிறார், பாவம்.

ஆர்ஓவே மோசடி என்று சொல்ல வரவில்லை. காசிமேட்டில் அக்கா வீட்டு போர் தண்ணீர் கடல் உப்பேறி 1,800க்கு மேல் காட்டுகிறது. அங்கே ஆர்ஓ இல்லாமல் வாயில் வைக்க முடியாது.

எங்கள் தெருவின் நிஜப் பிரச்சினை வேறு. பழைய குழாயில் எப்போதாவது சாக்கடை கலந்து நாறும். டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமி தெரியாது. மீட்டர் 100 காட்டினாலும் அந்தத் தண்ணீர் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். நாற்றம் அடித்தால் அந்தத் தண்ணீரைத் தொடவே தொடாமல் குடிநீர் வாரியத்தில் புகார் செய்யுங்கள். மற்ற நாளில் தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்து ஆறினாலே கிருமி செத்துவிடும். இதைச் சொல்ல 16,500 ரூபாய் தேவையில்லை, ஆனால் எனக்குத் தேவைப்பட்டது.

பில் என்று கொடுத்தது வெறும் துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முகவரி இல்லை. உப்பு போட்ட நாளிலிருந்து போனும் எடுப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். ஏதாவது நடந்தால் இங்கேயே எழுதுகிறேன்.