ஹைப்பாதெசிஸ்: 3 காசில் பிழையைக் காட்டிய கருவி

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுவது என் வேலை. 100 ரூபாய்ப் பொருளுக்கு 18 ரூபாய் வரி வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டை, அதாவது நிரலைச் சோதிக்கும் சிறு நிரலை, யாரும் எழுதிவிடலாம். எழுதுபவர் மனதில் வந்த எண்ணைத்தான் அது சோதிக்கும். பிழையோ அவர் மனதில் வராத எண்ணில் உட்கார்ந்திருக்கும். அந்த எண்ணைத் தேடித் தருவதுதான் பைதான் நிரல்மொழிக்கான ஹைப்பாதெசிஸ் என்ற கருவியின் வேலை. ஹாஸ்கெல் மொழிக்காகக் கோயன் கிளாசெனும் ஜான் ஹியூஸும் உருவாக்கிய குவிக்செக் என்ற சோதனைக் கருவியின் வழியில் வந்தது. இலவசம். பைதானில் டெஸ்டுகளை ஓட்டும் பைடெஸ்டோடு சேர்ந்து ஓடும்.

இதற்கு எண்களைத் தர வேண்டாம், விதியைத் தர வேண்டும். “எந்தத் தொகையானாலும் மத்திய வரியையும் மாநில வரியையும் கூட்டினால் மொத்த வரி வர வேண்டும்” என்று எழுதினேன். தொகைகளை அதுவே உருவாக்கிக்கொள்கிறது. நாம் மாற்றாவிட்டால் டெஸ்டுக்கு 100 தொகைகள். ஏதாவது ஒரு பெரிய தொகையில் விதி உடைந்ததும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. தோல்வி நீடிக்கும்வரை எண்ணைச் சுருக்கிக்கொண்டே போகிறது. எங்களுக்குக் கடைசியில் காட்டியது 3 காசு. 18 சதவீத வரியில் மத்திய, மாநிலப் பங்கு தலா 9; 3 காசில் 9 சதவீதம் 0.27 காசு, முழுமையாக்கினால் சுழியம். இரண்டு பாதியும் சேர்ந்தாலும் சுழியம். 18 சதவீதமாகக் கணக்கிட்டால் 0.54, அதாவது 1 காசு. மூன்று காசுக்கு யார் பொருள் விற்கிறார்கள் என்று குழுவில் ஒருவர் சிரித்தார். ஆனால் 100 ரூபாய் 3 காசுக்கும் இதே 1 காசு உதைக்கிறது; தள்ளுபடி போட்ட பில்லில் அப்படிப்பட்ட தொகைகள் சர்வசாதாரணம்.

வாடிக்கையாளர் பெயர்த் தேடலில் இன்னும் சுவையானது கிடைத்தது. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் சில தமிழ் எழுத்துகளை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எப்படி எழுதினாலும் அதே ஆள் கிடைக்க வேண்டும் என்று விதி வைத்து, தமிழ்ப் பகுதியிலிருந்து மட்டும் எழுத்துகளை எடுக்கச் சொன்னோம். சுருக்கிச் சுருக்கி ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தில் வந்து நின்றது. ஔவை என்று பெயர் வைத்தவர்கள் எங்கள் தேடலில் கிடைக்காமல் போயிருப்பார்கள்.

தோற்ற உதாரணத்தைச் சேமித்துவைத்து அடுத்த முறை அதையே முதலில் ஓட்டிப் பார்க்கிறது. நல்ல குணம்.

ஆனால் விதி எழுதுவது கடினம். இதை அறிமுகப்படுத்தும் பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். புதிதாக வருபவர்கள் நிரலில் உள்ள சூத்திரத்தையே டெஸ்டிலும் எழுதிவைக்கிறார்கள். சூத்திரம் தவறானால் இரண்டும் ஒன்றாகத் தவறி, டெஸ்ட் தேறியதாகப் பச்சையாகவே இருக்கும். கூட்டுத்தொகை மாறக் கூடாது, சேமித்ததைத் திறந்தால் அதுவே வர வேண்டும், வரிசைப்படுத்தியதை மறுபடி வரிசைப்படுத்தினால் மாறக் கூடாது என்பது போல வெளியிலிருந்து பார்க்கும் விதிகள்தான் பயன்படும்.

எரிச்சலும் உண்டு. ஓர் உதாரணம் 200 மில்லிவினாடியைத் தாண்டினால் டெஸ்ட் தோற்றதாகக் கணக்கு. எங்கள் பழைய சர்வரில் இது காரணமில்லாமல் சிவப்பு காட்டியது. அந்த வரம்பை நீக்கிவிட்டோம். தரவுத்தளத்தைத் தொடும் டெஸ்டுகளிலும் இதை வைக்காதீர்கள், நூறு முறை ஓடி உயிரை எடுக்கும். கணக்கு, தேதி, எழுத்துகளைப் பிரித்துச் சேர்க்கும் நிரல்கள் இருந்தால் தயங்காமல் நிறுவலாம். திரையில் பொத்தான் சரியாக அழுந்துகிறதா என்று பார்ப்பதற்கு, உலாவியை இயக்கிச் சோதிக்கும் பிளேரைட் இருக்கிறது.